செய்வதா, வாங்குவதா: நிறுவன எல்லை, உத்தி, புத்தாக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்கில் சனிக்கிழமை மாலைதோறும் ஒரு மேலாண்மை வகுப்பு நடத்தி வருகிறேன். தமிழ் பேசும் சிறு தொழில் முனைவோர், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளின் பொறியாளர்கள், பகுதிநேர முதுகலை மாணவர்கள் ஆகியோர் அதில் ஒன்றாக அமர்கிறார்கள். அங்கே திரும்பத் திரும்ப எழும் கேள்விகளையும் நான் சொல்லிவரும் விடைகளையும் இங்கே எழுத்தில் தருகிறேன். வகுப்பில் நேரம் போதாமல் விட்டவற்றைச் சில இடங்களில் சேர்த்திருக்கிறேன்.

நிறுவன எல்லை என்றால் என்ன? தொழிற்சாலையின் வேலிதானே அதன் எல்லை?

வேலி நிலத்துக்குத்தான் எல்லை. எந்த வேலையைத் தன் ஆட்களைக் கொண்டு தானே செய்கிறது, எந்த வேலையை வெளியாரிடம் விலைக்கு வாங்குகிறது என்று பிரிக்கும் கோடே நிறுவனத்துக்கு எல்லை. ஒரு நாசி கண்டார் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். மசாலாவைக் கடையிலேயே வறுத்து அரைக்கிறார்களா, அரைத்த தூளை மூட்டையாக வாங்குகிறார்களா? ரொட்டிக்கு மாவு பிசைபவர் கடையில் சம்பளம் வாங்குபவரா? தட்டு கழுவுபவரை ஒப்பந்தக்காரர் அனுப்பினாரா? ஐஸ்கட்டி எங்கிருந்து வருகிறது? இவற்றுக்கான விடைகளை ஒரு தாளில் எழுதினால் அந்தக் கடையின் எல்லை கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

எல்லை இடம் மாறும்போது கட்டடம் மாற வேண்டியதில்லை. ஹியூலட்-பேக்கர்ட் நிறுவனம் 1972-இல் பினாங்குக்கு வந்தது. 1999-இல் அதன் அளவீட்டுக் கருவிகளும் குறைக்கடத்திகளும் அஜிலென்ட் என்ற தனி நிறுவனமாகப் பிரிந்தன. 2005-இல் அஜிலென்டின் குறைக்கடத்திப் பிரிவு விற்கப்பட்டு அவகோ ஆயிற்று. அவகோ 2016-இல் பிராட்காமை வாங்கி, வாங்கிய நிறுவனத்தின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது. அளவீட்டுக் கருவிப் பிரிவு 2014-இல் கீசைட் என்ற பெயரில் தனியே போயிற்று. என் வகுப்புக்கு வந்த மூத்த தொழில்நுட்பர் ஒருவர் ஒரு மாலையில் தம் பழைய அடையாள அட்டைகள் நான்கையும் மேசைமேல் வரிசையாக வைத்தார். நான்கிலும் நிறுவனத்தின் பெயர் வேறு. புகைப்படத்தில் இருந்த முகம் மட்டும் அட்டைக்கு அட்டை சற்று மூத்துக்கொண்டே வந்திருந்தது. அவர் வேலை மாறவே இல்லை. அவரைச் சுற்றி எல்லைதான் நான்கு முறை வரையப்பட்டது. இந்தப் பாடத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

எல்லாவற்றையும் விலை பேசி வாங்கச் சந்தை இருக்கும்போது, நிறுவனம் என்று ஒன்று எதற்கு?

இந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்டு விடை தேடியவர் பிரிட்டிஷ் பொருளியல் அறிஞர் ரொனால்ட் கோஸ். 1931-இல் உதவித்தொகை பெற்று அமெரிக்கா சென்ற அவர், பெரிய ஆலைகளைச் சுற்றிப் பார்த்து, அங்குள்ளவர்களிடம் இதையே விசாரித்தார். அடிப்படைக் கருத்து உருவானபோது அவருக்கு வயது 21. அது 'நிறுவனத்தின் இயல்பு' என்ற கட்டுரையாக வெளிவந்தது 1937-இல். நோபெல் பரிசு வந்து சேர்ந்தது 1991-இல்.

அவர் சொன்னது இதுதான். சந்தையைப் பயன்படுத்தவும் செலவாகிறது. யாரிடம் வாங்கலாம் என்று தேட வேண்டும், விலை பேச வேண்டும், ஒப்பந்தம் எழுத வேண்டும், வந்த சரக்கைச் சரிபார்க்க வேண்டும், தகராறு வந்தால் தீர்க்க வேண்டும். இவற்றைப் பரிவர்த்தனைச் செலவு என்கிறோம். அதேபோல் ஒரு வேலையை உள்ளே வைத்துச் செய்வதற்கும் செலவு உண்டு. மேற்பார்வை வேண்டும், கீழே நடப்பது மேலே இருப்பவருக்குத் தெரியாமல் போகும், ஒருவரே எல்லாவற்றையும் முடிவு செய்யப் போய்ப் பலவும் தேங்கும். இன்னும் ஒரு வேலையை உள்ளே கொண்டுவருவதற்கு ஆகும் செலவும் அதை வெளியே வாங்குவதற்கு ஆகும் செலவும் சமமாகும் இடத்தில் நிறுவனம் வளர்வதை நிறுத்திக்கொள்ளும் என்றார் கோஸ்.

வெளியே வாங்குவது எப்போது ஆபத்தாகிறது?

கோஸ் செலவு இருக்கிறது என்றார். அது எப்போது மிகும் என்று வகுத்துச் சொன்னவர் ஆலிவர் வில்லியம்சன். 1975-இலும் 1985-இலும் வெளிவந்த அவருடைய இரு நூல்கள் இத்துறையின் அடித்தளம். 2009-இல் எலினோர் ஆஸ்ட்ரமுடன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஒரே ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும் பயன்படக்கூடிய முதலீட்டை ஒருவர் செய்துவிட்டால், அதன் பிறகு பேரத்தில் அவர் கை தாழ்ந்துவிடுகிறது என்பது அவருடைய மையக் கருத்து. இத்தகைய முதலீட்டைப் பிரத்தியேக முதலீடு என்று சொல்லலாம்.

நமக்கு இது தோட்டத்திலிருந்தே தெரிந்த விஷயம். செம்பனைக் குலையை வெட்டியபின் ஏறக்குறைய ஒரு நாளுக்குள் ஆலைக்குச் சேர்க்க வேண்டும். தாமதமாகத் தாமதமாகப் பழத்திலுள்ள எண்ணெயில் கொழுப்பமிலம் கூடி, தரமும் விலையும் இறங்குகின்றன. ஆகவே லாரியில் குலையை ஏற்றிவிட்ட சிறு தோட்டக்காரர், பக்கத்து ஆலை சொல்லும் விலை பிடிக்காவிட்டால் நாலு ஊர் தாண்டிப் போய் விசாரிக்க முடியாது. ஆலைக்காரருக்கும் அதே கட்டு: அவ்வளவு பணம் போட்டுக் கட்டிய ஆலையைப் பெயர்த்து வேறு இடத்துக்குக் கொண்டுபோக முடியாது, சுற்றுவட்டாரக் குலை வராவிட்டால் ஆலை சும்மா நிற்கும். இருவரும் ஒருவர் பிடியில் ஒருவர் இருக்கிறார்கள். அதனால்தான் பெரிய தோட்ட நிறுவனங்கள் தோட்டத்தையும் ஆலையையும் ஒரே உடைமைக்குள் வைத்துக்கொள்கின்றன.

ரப்பர் பால்மரக் காலத்திலும் இதே கதைதான். வெட்டிய பால் சில மணி நேரத்தில் உறையத் தொடங்கிவிடும். நம் பாட்டிமார் தோளில் காண்டா வாளியுடன் வெயில் ஏறுமுன் பால் பதப்படுத்தும் ஸ்டோருக்கு விரைந்ததற்கும், ஒவ்வொரு பெரிய தோட்டமும் தனக்கென ஒரு ஸ்டோரை வைத்திருந்ததற்கும் காரணம் ஒன்றே. வில்லியம்சன் வழிவந்த ஆய்வாளர்கள் இதைக் காலப் பிரத்தியேகம் என்று பெயரிட்டார்கள். சரக்கு காத்திருக்காது என்றால், காத்திருக்க முடிந்தவர் கையில் பேரம் போய்விடும்.

பாடநூல்களில் வரும் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபிஷர் பாடி கதை உண்மையா?

கார் உடல் செய்த ஃபிஷர் பாடியில் ஜெனரல் மோட்டார்ஸ் 1919-இல் 60 விழுக்காட்டுப் பங்கை வாங்கியதும், 1926-இல் முழுவதையும் தன்னுள் சேர்த்துக்கொண்டதும் உண்மை. ஃபிஷர் பாடி ஒப்பந்தத்தைச் சாக்காக வைத்து ஜெனரல் மோட்டார்ஸை நெருக்கியதால்தான் அந்த இணைப்பு நடந்தது என்று 1978-இல் வெளிவந்த ஒரு புகழ்பெற்ற கட்டுரை விளக்கியது. 2000-ஆம் ஆண்டில் கோஸ் உட்படப் பலர் பழைய ஆவணங்களைத் தோண்டி எடுத்து, அப்படி எந்த நெருக்கடியும் நடந்ததற்குச் சான்றில்லை என்று மறுத்தார்கள். தேர்வில் எழுதும்போது இரண்டு பக்கத்தையும் எழுதுங்கள். கோட்பாடு சரியாக இருக்கலாம், அதற்குக் காட்டிய எடுத்துக்காட்டு தவறாகவும் இருக்கலாம் என்பதை மாணவர்கள் இங்கே கற்றுக்கொள்ள வேண்டும்.

கங்காணி நிறுவனத்துக்கு உள்ளே இருந்தவரா, வெளியே இருந்தவரா?

இந்தக் கேள்வியை ஒரு மாணவி கேட்ட நாளிலிருந்து இதற்கு ஒரு முழு வகுப்பை ஒதுக்குகிறேன். ஆங்கிலேயர் காலத் தோட்ட நிறுவனத்துக்கு ஆள் வேண்டும். தமிழ்நாட்டுக் கிராமத்தில் அதற்குத் தெரிந்தவர் யாருமில்லை. கங்காணி தன் ஊருக்குப் போய், தன் உறவையும் சாதியையும் சொல்வாக்கையும் கொண்டு ஆள் சேர்த்துக் கொண்டுவந்தார். வந்தபின் அவரே வேலை வாங்கினார். தன் ஆட்கள் எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ அதற்கேற்பத் தலைக்காசு பெற்றார். துரையின் சம்பளப் பட்டியலில் இருந்தார் என்பதால் அவர் உள்ளே. ஆட்கள் அவரை நம்பி வந்தார்கள், அவருக்கே கடன்பட்டிருந்தார்கள் என்பதால் அவர் வெளியே. சந்தைக்கும் நிறுவனத்துக்கும் இடைப்பட்ட இத்தகைய ஏற்பாடுகளை ஆய்வாளர்கள் கலப்பு வடிவம் என்கிறார்கள். அந்தக் கலப்பு வடிவம் யாருடைய செலவைக் குறைத்தது, யார் முதுகில் சுமையை ஏற்றியது என்று கேட்காமல் இதைப் படிக்கக் கூடாது. பரிவர்த்தனைச் செலவு குறைந்தது நிறுவனத்துக்கு. கடனும் கட்டுப்பாடும் தொழிலாளியின் கணக்கில் விழுந்தன.

இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. செலவு செய்து ஆளைக் கப்பலேற்றி அழைத்துவந்த தோட்டத்திலிருந்து, பக்கத்துத் தோட்டம் சற்றுக் கூடுதல் கூலி காட்டி அவரை இழுத்துக்கொள்ள முடிந்தது. இழுத்துக்கொள்ளலாம் என்றால் முதலில் செலவு செய்ய யாரும் முன்வரமாட்டார்கள். 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி தொடங்கப்பட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆள் வைத்திருந்த முதலாளிகள் எல்லாரும் அதில் கட்டணம் செலுத்த, அழைத்துவரும் செலவு பொது நிதியிலிருந்து போயிற்று. 1938-இல் இந்திய அரசு உதவியுடன் கூடிய குடிபெயர்வைத் தடை செய்ததோடு அந்த ஆள்சேர்ப்பு முறை முடிந்தது.

1989-இல் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கியவர்களுக்கு முன்னால் இருந்ததும் உருவத்தில் இதே சிக்கல்தான். ஒருவர் பயிற்சி கொடுத்த தொழில்நுட்பரை அடுத்த ஆலை இழுத்துக்கொள்கிறது. எனவே ஒன்றோடொன்று போட்டியிடும் பன்னாட்டு நிறுவனங்கள் மாநில அரசுடன் சேர்ந்து பொதுவான ஒரு பயிற்சி இடத்தை உருவாக்கின. எந்த ஒரு நிறுவனத்தின் எல்லைக்குள்ளும் அடங்காத ஒன்றை எல்லாரும் சேர்ந்து தாங்குவது. முந்தையது ஆளை அசைய விடாமல் கட்டிய ஒழுங்கின் ஒரு பகுதி, பிந்தையது ஆளுக்குத் தொழிலைக் கையில் கொடுத்தது என்பதால் இரண்டையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். ஆனால் இரண்டுக்கும் பின்னால் உள்ள பொருளியல் ஒன்றே.

இதற்கும் புத்தாக்கத்துக்கும் என்ன தொடர்பு?

இதுவரை சொன்னதெல்லாம் இன்றைய செலவைப் பற்றியது. எல்லையை எங்கே வைப்பது என்பதை இன்றைய விலையை மட்டும் பார்த்து முடிவு செய்பவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து. ஒரு வேலையைச் செய்பவர் அதைச் செய்வதன் மூலம் கற்கிறார். வேலையை வெளியே கொடுக்கும்போது அந்தக் கற்றலையும் சேர்த்தே கொடுக்கிறோம். விலைப்புள்ளியில் அதற்குத் தனி வரி இருப்பதில்லை. அதனால் அது யார் கண்ணிலும் படுவதில்லை.

ஆய்வுகள் இதைப் பல கோணங்களில் காட்டியிருக்கின்றன. கோஹனும் லெவின்தாலும் 1990-இல் எழுதிய கட்டுரை, வெளியிலிருந்து வரும் புது அறிவை மதிப்பிட்டு உள்வாங்க வேண்டுமானால் அதே துறையில் நமக்கு முன்னறிவு இருக்க வேண்டும் என்றது. ஆராய்ச்சிப் பிரிவை மூடிவிட்டுத் தேவைப்படும்போது வெளியே வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கும் நிறுவனம், வெளியே கிடைப்பது நல்லதா கெட்டதா என்று அறியும் கண்ணையும் சேர்த்தே மூடிவிடுகிறது. விமான இயந்திரத் தொழிலை ஆராய்ந்த புருசோனி, பிரென்சிப்பே, பாவிட் ஆகிய மூவரும் 2001-இல் இதையே வேறு விதமாகச் சொன்னார்கள்: நல்ல நிறுவனங்கள் தாம் செய்வதைவிட அதிகமாக அறிந்து வைத்திருக்கின்றன. பாகத்தை வெளியே வாங்கினாலும், அந்தப் பாகம் எப்படி வேலை செய்கிறது என்று அறிந்த பொறியாளர்களை உள்ளே வைத்திருக்கின்றன.

போயிங் 787 விமானத்தில் வடிவமைப்பு வேலையிலும் பெரும் பகுதி பல நாட்டு ஒப்பந்தக்காரர்களிடம் கொடுக்கப்பட்டது. 2008-இல் கைக்கு வர வேண்டிய முதல் விமானம் 2011 செப்டம்பரில்தான் வாடிக்கையாளரைச் சேர்ந்தது. இடையே 2009-இல், உடற்பகுதி செய்துகொண்டிருந்த தென் கரோலினா ஆலை ஒன்றைப் போயிங் விலைக்கு வாங்கி உள்ளே கொண்டுவந்தது. 2005-இல் தான் விற்ற விச்சிட்டா ஆலை ஸ்பிரிட் ஏரோசிஸ்டம்ஸ் என்ற தனி நிறுவனமாக வளர்ந்திருக்க, அதையே திரும்ப வாங்குவதற்கு 2024-இல் ஒப்பந்தம் செய்தது. கோலாலம்பூரை அடுத்த சுபாங்கிலும் ஸ்பிரிட் ஓர் ஆலை நடத்திவந்ததால், அந்த எல்லைக் கோட்டின் ஒரு நுனி நம் நாட்டிலும் கிடந்தது.

புதிதாகக் கண்டுபிடித்தவரே இலாபம் பார்ப்பார் அல்லவா?

பல நேரம் பார்ப்பதில்லை. பிரிட்டனின் இஎம்ஐ இசைத்தட்டு வெளியிட்ட நிறுவனமாகவே பலருக்குத் தெரியும். அங்கே பணியாற்றிய காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு சிடி ஸ்கேன் கருவியை உருவாக்கினார். 1971-இல் ஒரு நோயாளியின் மூளை முதன்முதலாக அதில் படமெடுக்கப்பட்டது. 1979-இல் அவருக்கு நோபெல் பரிசும் கிடைத்தது. ஆனால் கருவி சந்தைக்கு வந்து பத்தாண்டு ஆவதற்குள் இஎம்ஐ அந்தத் தொழிலிலிருந்தே விலகிவிட்டது. மருத்துவமனைகளுக்கு விற்கவும், வாங்கியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கவும், பழுதானால் ஓடிப்போய்ச் சரிசெய்யவும் வேண்டிய ஆட்கள் ஜெனரல் எலெக்ட்ரிக் போன்ற போட்டியாளர்களிடம் இருந்தார்கள். டேவிட் டீஸ் 1986-இல் இதை எடுத்துக்காட்டி, கண்டுபிடிப்போடு சேர வேண்டிய துணைச் சொத்துகள் யார் கையில் இருக்கின்றனவோ அவரிடமே இலாபம் போய்ச் சேரும் என்று விளக்கினார். சிறு தொழில் செய்பவர்கள் ஒரே ஒரு கட்டுரையைத்தான் படிக்க முடியும் என்றால் நான் கொடுப்பது இதைத்தான்.

அப்படியானால் எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துக்கொள்வதுதான் சரியா?

அல்ல. இதற்குச் சான்று பாயான் லெப்பாஸிலேயே இருக்கிறது. இன்டெலும் ஏஎம்டியும் ஒரே ஆண்டில், 1972-இல், இங்கே சில்லுகளைப் பொருத்திச் சோதிக்கும் ஆலைகளைத் தொடங்கின. அமெரிக்காவுக்கு வெளியே இன்டெலின் முதல் ஆலை அதுதான். இரண்டு நிறுவனங்களும் அப்போது வடிவமைப்பு, சில்லுத் தயாரிப்பு, பொருத்தல் ஆகிய மூன்றையும் தாமே செய்தன.

பின்னர் அவற்றின் பாதைகள் பிரிந்தன. ஏஎம்டி 2009-இல் தன் சில்லுத் தயாரிப்பு ஆலைகளை குளோபல்ஃபவுண்ட்ரீஸ் என்ற தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டது. 2016-இல் பினாங்கிலும் சீனாவின் சுஜோவிலும் இருந்த பொருத்தல், சோதனை ஆலைகளில் 85 விழுக்காட்டுப் பங்கை ஒரு சீன நிறுவனத்துக்கு விற்றது. வடிவமைப்பை மட்டும் விடவில்லை. இன்டெல் மூன்றையும் பெரும்பாலும் உள்ளேயே வைத்துக்கொண்டது. 2021 டிசம்பரில் பினாங்கில் உயர்நிலைப் பொதியமைப்புக்காக, அதாவது சில்லுகளை இணைத்து உறையிடும் வேலைக்காக, 700 கோடி டாலர் முதலீட்டை அறிவித்தது. 2024-இல் அதே இன்டெல் 1,800 கோடி டாலருக்கும் மேல் நட்டக் கணக்குக் காட்டியது. ஏஎம்டியோ அந்த ஆண்டுகளில் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது.

காரணம் பலவாக இருக்கலாம். எனக்கு முதன்மையாகத் தோன்றுவது கற்றலின் வேகம். மோரிஸ் சாங் 1987-இல் தொடங்கிய டிஎஸ்எம்சி, தனக்கென்று சில்லு வடிவமைக்காமல் பிறருக்குத் தயாரித்துக் கொடுப்பதை மட்டுமே தொழிலாகக் கொண்டது. எண்ணற்ற வாடிக்கையாளர்களின் சில்லுகள் அதன் ஆலையில் ஓடியதால், தவறுகளும் திருத்தங்களும் வேறு யாரிடமும் இல்லாத அளவில் அங்கே குவிந்தன. பெரும்பாலும் தன் சில்லுகளை மட்டும் செய்த இன்டெல், 10 நானோமீட்டர் என்ற தயாரிப்புத் தொழில்நுட்பத் தலைமுறையில் பல ஆண்டுகள் பின்தங்கிற்று. ஏஎம்டி தனக்கு மெதுவாகக் கற்கக் கிடைத்த வேலையை, அதை வேகமாகக் கற்பவர்களிடம் விட்டுவிட்டு, தான் வேகமாகக் கற்ற வடிவமைப்பைப் பிடித்துக்கொண்டது.

ஆகவே நான் மாணவர்களிடம் கேட்கச் சொல்லும் கேள்வி இது: இந்த வேலையை அடுத்த ஐந்தாண்டுக்குச் செய்தால் அதில் அதிகம் கற்கப்போவது நாமா, அவர்களா? அவர்கள் என்றால், விலை சற்றுக் கூடினாலும் வெளியே வாங்கலாம். கற்றதைப் புரிந்துகொள்ளும் ஓரிருவரை மட்டும் உள்ளே வையுங்கள். நாம் என்றால், வெளியே மலிவாகக் கிடைத்தாலும் விடக் கூடாது.

பினாங்கின் உள்ளூர் நிறுவனங்கள் எப்படி வளர்ந்தன?

மேலே சொன்னதன் மறுபக்கம் இது. 1969-இல் முதலமைச்சரான லிம் சோங் இயூ பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தை அமைத்து, 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக மண்டலத்தை ஏற்படுத்தியபோது வந்தவர்கள் பன்னாட்டு நிறுவனங்கள். தொடக்கத்தில் கருவி, உதிரிபாகம், எல்லாமே வெளிநாட்டிலிருந்து வந்தன. நாளடைவில் சின்னப் பாகத்துக்காக அமெரிக்காவிலிருந்து வாரக்கணக்கில் காத்திருக்க முடியாமல், ஆலைகள் பக்கத்துப் பட்டறைகளைத் தேடத் தொடங்கின. எல்லை ஓர் அங்குலம் உள்ளே நகர்ந்த ஒவ்வொரு முறையும் வெளியே ஒருவருக்குக் கற்க இடம் கிடைத்தது. இன்டெலில் பணியாற்றியவர்கள் 1991-இல் தொடங்கிய குளோபெட்ரானிக்ஸ், அதே ஆண்டில் தோன்றிய பெந்தாமாஸ்டர், 2000-இல் தோன்றிய விட்ராக்ஸ் போன்றவை இந்த மண்ணில் வளர்ந்தவை.

செபராங் பிறையில் ஒரு துல்லியப் பட்டறையைப் பார்க்கப் போயிருந்தேன். ஜிக் என்று தொழிலில் சொல்லும் பிடிப்பான்களை ஆலைகளுக்குச் செய்து கொடுக்கிறார்கள். முதலாளி ஓர் அலுமினியத் துண்டை என் கையில் வைத்து, "சார், விரலால் தடவிப் பாருங்கள்" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அளவுக்கருவியில் வைத்தபோது ஓர் ஓரம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு கூடுதலாக இருந்தது. "ஆலைக்காரர்கள் இதைத் திருப்பி அனுப்பினார்கள். ஏன் என்று காட்ட ஓர் இன்ஜினியரையும் கூடவே அனுப்பினார்கள். அவர் மூன்று நாள் இந்த மெஷின் பக்கத்தில் நின்றார். அந்த மூன்று நாள்தான் எனக்குக் காலேஜ்" என்றார். ஆர்டர் கொடுப்பதோடு ஆலை நின்றிருந்தால் அவர் கற்றிருக்க மாட்டார். எல்லைக்கு வெளியே வேலையைக் கொடுத்தவர்கள், அறிவையும் அந்த எல்லையைத் தாண்டிக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

எங்கள் பட்டறைக்கு ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளர். அவருக்காகவே ஒரு சிஎன்சி இயந்திரம் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

வில்லியம்சன் சொன்ன பிரத்தியேக முதலீடு இதுவேதான். முதலில், இயந்திரம் அந்த ஒருவருக்கு மட்டும் பயன்படுமா, வேறு வேலைக்கும் ஆகுமா என்று பாருங்கள். வேறு வேலைக்கும் ஆகுமென்றால் பயம் பாதி குறைந்தது. அவருக்கு மட்டும்தான் என்றால், மூன்று அல்லது நான்கு ஆண்டுக்குக் குறைந்தபட்ச ஆர்டர் அளவை எழுத்தில் கேளுங்கள். அதற்கு இணங்காவிட்டால், இயந்திரத்தை அவரே வாங்கி உங்கள் பட்டறையில் வைக்கச் சொல்லுங்கள். அச்சுகளையும் சோதனைக் கருவிகளையும் வாடிக்கையாளரே வாங்கி, செய்து கொடுப்பவரிடம் வைப்பது பல தொழில்களில் வழக்கம். இதை வாய் திறந்து கேட்கக் கூச்சப்படுகிறார்கள் நம்மவர்கள். கேட்பதில் தவறே இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இந்தக் கேள்வியைக் கேட்காமல் வீட்டை அடகு வைத்து இயந்திரம் வாங்கியது. இரண்டாம் ஆண்டில் வாடிக்கையாளர் விலையை 15 விழுக்காடு குறைக்கச் சொன்னார். தவணை ஓடிக்கொண்டிருந்ததால் அவர்களால் மறுக்க முடியவில்லை. ஒப்பந்தத்தில் ஒரு வரி கூடுதலாக இருந்திருந்தால் அந்தப் பேரம் வேறு மாதிரி போயிருக்கும் என்று இன்றும் எனக்கு வருத்தம் உண்டு.

ஒரே குழுமம் பல தொழில்களை நடத்துவது நல்ல உத்தியா?

அமெரிக்காவில் 1990-களில் வந்த ஆய்வுகள், பல துறைகளில் கால் பதித்த குழுமங்களைப் பங்குச் சந்தை குறைத்தே மதிப்பிடுகிறது என்று காட்டின. பிற்பாடு வந்தவர்கள், ஏற்கெனவே தொய்ந்திருந்த நிறுவனங்களே வேறு துறைகளுக்குப் போனதால் அப்படித் தெரிந்திருக்கலாம் என்று திருத்தினார்கள். தருண் கன்னாவும் கிருஷ்ண பலேப்புவும் 1997-இல் வேறொரு கோணத்தைக் காட்டினார்கள். மூலதனம் திரட்டுவதும் திறமையான மேலாளரைத் தேடுவதும் ஒப்பந்தத்தை நிலைநாட்டுவதும் கடினமாக உள்ள நாடுகளில், அந்த வசதிகளைக் குழுமமே தன்னுள் உருவாக்கிக்கொள்வதால் பயன் உண்டு என்றார்கள்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்த தொழிலதிபர் ஆனந்த கிருஷ்ணன் தொலைத்தொடர்பில் மேக்சிஸ், ஒளிபரப்பில் ஆஸ்ட்ரோ, கட்டடத் துறையில் இரட்டைக் கோபுர வளாகம் என்று பல துறைகளில் இறங்கியதை இந்தக் கோணத்தில் பார்த்தால் புரியும். வசதிகள் வளர்ந்தபின் காற்று எதிர்ப்பக்கம் வீசுகிறது. 1910-இல் தொடங்கிய சைம் டார்பி, 2017 நவம்பரில் தோட்டம், சொத்துடைமை, வாணிபம் என மூன்று தனி நிறுவனங்களாகப் பங்குச் சந்தைக்கு வந்தது. தோட்ட நிறுவனம் 2024-இல் எஸ்டி கத்ரி என்று பெயர் மாறியது.

இங்கே சி. கே. பிரகலாதைச் சொல்லாமல் போக முடியாது. கோயம்புத்தூரில் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியில் இயற்பியல் படித்து, யூனியன் கார்பைடில் வேலை பார்த்தபின் மேலாண்மைக்கு வந்தவர். கேரி ஹாமலுடன் சேர்ந்து 1990-இல் அவர் முன்வைத்த மையத் திறன் என்ற கருத்து, குழுமத்தைத் தொழில்களின் தொகுப்பாகப் பார்க்காமல் திறன்களின் தொகுப்பாகப் பார்க்கச் சொன்னது. எந்தத் தொழில்களில் இருக்கிறோம் என்று எண்ணுவதற்கு முன்னால், எந்தத் திறன் இத்தொழில்களை ஒன்றாகக் கட்டுகிறது என்று கேளுங்கள்.

கிராப் ஓட்டுநர் நிறுவனத்துக்கு உள்ளே இருப்பவரா?

சட்டப்படி வெளியே. செயலி வழி வாடகை வண்டி அமர்த்தித் தரும் கிராப், 2012-இல் கோலாலம்பூரில் மைடெக்சி என்று தொடங்கிய நாள் முதல் வண்டிச் செலவும் பெட்ரோல் செலவும் நிறுவனத்துக்கு வெளியேதான். ஆனால் கட்டணம், யாருக்கு எந்தப் பயணம், யாரை நிறுத்திவைப்பது ஆகியவை செயலியின் கையில். முதலீட்டை வெளியே தள்ளி, கட்டுப்பாட்டை உள்ளே வைத்துக்கொண்ட எல்லை இது. கங்காணி வகுப்பில் இருந்தவர்களுக்கு இது பழக்கமான முகம். இப்படிச் செயலி வழி வேலை செய்பவர்களுக்கான கிக் தொழிலாளர் மசோதாவை நாடாளுமன்ற மக்களவை 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியதற்குப் பின்னால் இருப்பது இந்த முரண்தான்.

திறந்த புத்தாக்கம் என்பது இரகசியத்தை எல்லாருக்கும் கொடுப்பதா?

இல்லை. ஹென்றி செஸ்பரோ 2003-இல் இந்தப் பெயரைக் கொடுத்தார். நல்ல யோசனை வெளியிலிருந்தும் உள்ளே வரலாம், நமக்குப் பயன்படாத யோசனையை வெளியே விற்கலாம் என்பதே அதன் பொருள். காப்புரிமையும் ஒப்பந்தமும் அப்படியே இருக்கும்.

பினாங்கில் இருந்துகொண்டு முதுகலை ஆய்வுக்கு என்ன தலைப்பு எடுக்கலாம்?

2024 மே மாதம் அறிவிக்கப்பட்ட தேசியக் குறைக்கடத்தி உத்தி 2,500 கோடி ரிங்கிட் ஆதரவையும் 60,000 பொறியாளர்களுக்குப் பயிற்சியையும் குறிக்கோளாகச் சொல்கிறது. பணமும் ஆளும் எவ்வளவு என்பதைப் பலரும் எழுதுவார்கள். பெரிய ஆலை ஒரு வேலையை வெளியே கொடுத்தபோது எந்தப் பட்டறை எதைக் கற்றது, எந்தப் பட்டறை கற்காமலே நின்றது, ஏன் என்பதை எழுத ஆள் குறைவு. நான் அங்கேதான் மாணவர்களை அனுப்புகிறேன்.

இதற்கான தரவு பல்கலைக்கழக நூலகத்தில் இல்லை. செபராங் பிறையிலும் சுங்கை பாக்காப்பிலும் உள்ள பட்டறைகளின் மேல்மாடியில், ரப்பர் வளையம் போட்ட பழைய கொள்முதல் ஆணைகளாகவும், ஓரத்தில் பென்சிலால் திருத்தம் எழுதிய வரைபடங்களாகவும், திருப்பி அனுப்பிய சரக்கின் காரணம் குறித்த சீட்டுகளாகவும் கிடக்கிறது. முதலாளி ஓய்வு பெற்றுப் பிள்ளைகள் கடையைக் காலி செய்யும்போது இவை பழைய காகிதக்காரரின் லாரியில் ஏறிவிடுகின்றன. உங்களுக்குத் தெரிந்த பட்டறை ஒன்று இருந்தால், முதலில் அனுமதி கேட்டு, தேதி வாரியாக அடுக்கி, கைப்பேசியிலேயே ஒவ்வொரு தாளாகப் படமெடுக்கத் தொடங்குங்கள். பெயர்களை மறைப்பது எப்படி, அட்டவணை போடுவது எப்படி என்பதை வகுப்பில் காட்டுகிறேன்.